எலெக்டிவ் என்றால் தேர்தல்

எலெக்டிவ் என்ற சொல்லுக்குப் பொருள் தெரியாத ஒருவர் ஒரு கல்லூரியில் இருப்பதால் பெரிய சேதம் ஒன்றும் வந்துவிடாது. பக்கத்து அறையில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் அவரே கல்வித் திட்டமிடல் துறைக்குத் தலைவராக இருந்துவிட்டால் யாரையும் கேட்க மாட்டார். மேடை போட்டு விழா எடுத்துவிடுவார். ஸ்ரீ பரகேசரி கலை அறிவியல் கல்லூரியில் அப்படித்தான் எடுத்தார்கள்.

கல்லூரி, உத்திரமேரூரிலிருந்து வந்தவாசி போகிற சாலையில் இருக்கிறது. தாளாளர் புருஷோத்தமன் அதற்கு முன்பு கல் குவாரி வைத்திருந்தார். ஒரு குன்று தீர்ந்ததும் கல்லூரி கட்டினார். குன்றில் வெட்டிய கல் ஜல்லியாகப் போயிற்று. கல்லூரிக்கு வருகிற பிள்ளைகள் என்னவாகப் போகிறார்கள் என்று யாரும் பார்க்கவில்லை, லாரி நிரம்பினால் போதும் என்கிற பழக்கம் அவரை விடவில்லை.

கல்வித் திட்டமிடல் துறைத் தலைவர் டாக்டர் மோகன்குமார். கல்லூரியில் தாளாளர் அறைக்கு அடுத்தபடியாக ஏசி உள்ள அறை அவருடையதுதான். சுவர் முழுக்கப் பல வண்ணக் கட்டங்கள் ஒட்டியிருக்கும். பி.பி.ஏ. படிப்பில் ஒரு மாணவன் காலடி வைப்பது முதல் ‘உலகளாவிய தொழில் தலைவன்’ ஆவது வரை அம்புக்குறி போட்டிருக்கும். எந்த அம்பும் கீழ்நோக்கி இறங்காது. பாடம் நடத்த ஆள் இல்லை என்பது மட்டும் எந்தக் கட்டத்திலும் இருக்காது. அதற்கு என்ன வண்ணம் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

சோபியா அந்தக் கல்லூரியில் பி.பி.ஏ. மூன்றாம் ஆண்டு படித்தாள். ஊர் காவாந்தண்டலம். அப்பா இல்லை. அம்மா மார்த்தாள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க் கஞ்சி ஊற்றினாள். மூன்றாம் ஆண்டில் மாணவர்கள் ஐந்து பாடங்களிலிருந்து ஒன்றை விருப்பப் பாடமாகப் பதிவு செய்ய வேண்டும். விமான நிலைய வாடிக்கையாளர் சேவை, சர்வதேச நிதிச் சந்தை, ஆடம்பரப் பொருள் விற்பனை, அழகு நிலைய நிர்வாகம், சரக்குக் கிடங்கு மேலாண்மை. முதல் நான்கும் உத்திரமேரூரில் எதற்கு என்று கேட்கக் கூடாது. பட்டியல் வேறொரு ஊர்க் கல்லூரியின் இணையதளத்திலிருந்து எடுத்தது.

சோபியாவுக்கு வேண்டியது ஐந்தாவது. ஒரகடத்தில் ஒரு சரக்குக் கிடங்குக் கம்பெனி வருடா வருடம் இந்தக் கல்லூரியிலிருந்து ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. மதிப்பெண் பட்டியலில் சரக்குக் கிடங்கு மேலாண்மை இருந்தால் ஸ்டோர் ஆபீஸ். இல்லாவிட்டால் பேக்கிங். ஸ்டோர் ஆபீஸ் என்றால் நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் இருப்பு பார்க்கிற வேலை. பேக்கிங் என்றால் ஷிப்டு முழுக்க நின்றபடி அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலை. மார்த்தாள் ஆயுசெல்லாம் குனிந்தே வேலை செய்தவள். மகள் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். அந்த வீட்டின் கல்வித் திட்டமிடல் அவ்வளவுதான், அதற்குச் சுவரும் வண்ணமும் தேவைப்படவில்லை.

அதற்கு முந்தைய வருடம்வரை பதிவு கம்ப்யூட்டரில் நடந்தது. பதிவுப் பக்கம் திறந்த உடனே படுத்துவிடும். எழுந்திருக்கும்போது இடம் எல்லாம் நிரம்பியிருக்கும். யார் நிரப்பினார்கள் என்றால் சர்வர் என்பார்கள். சர்வர் யார் என்றால் சென்னையில் இருக்கிறது என்பார்கள். பிள்ளைகள் அதற்கும் பழகிக்கொண்டார்கள், ஏரிக்கரையில் எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். சோபியா அந்த வருடம் ஏரிக்கரைக்குப் போகத் தயாராக இருந்தபோதுதான், எல்லாரும் கலையரங்கத்துக்கு வர வேண்டும் என்று அறிவிப்பு வந்தது.

மேடையில் மோகன்குமார் பட்டுச் சட்டையில் நின்றார். அவர் பேச்சு இப்படிப் போயிற்று:

“மாணவச் செல்வங்களே, எலெக்டிவ் என்கிற சொல் எதிலிருந்து வந்தது? எலெக்‌ஷனிலிருந்து வந்தது. எலெக்‌ஷன் எங்கிருந்து வந்தது? உத்திரமேரூரிலிருந்து வந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால், பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்த மண் இது. இந்த மண்ணில் நின்றுகொண்டு இத்தனை வருடம் பட்டனைத் தட்டி எலெக்டிவ் எடுத்திருக்கிறீர்கள். ஆளாளுக்குத் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வதா ஜனநாயகம்? இனிமேல் உங்கள் பாடத்தைக் குடம் தேர்ந்தெடுக்கும். நீங்கள் திட்டமிட வேண்டாம். திட்டமிடுவதற்கு ஒரு துறை இருக்கிறது, அதற்காகத்தான் எனக்கு ஏசி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நான் மாணவனாக இருந்தபோது எந்தப் பாடத்தையும் விரும்பிப் படித்ததில்லை. இன்று எந்த இடத்தில் நிற்கிறேன் என்று பாருங்கள்.”

எல்லாரும் பார்த்தார்கள். தாளாளர் கை தட்டியதால் ஆசிரியர்களும் தட்டினார்கள். பிறகு தாளாளர் மைக்கைப் பிடித்தார். அவர் ஒளிவுமறைவு இல்லாத மனிதர்.

“நம்ம ஊர்ல இன்னா கீது? ஒரு கல்வெட்டு கீது. அத்த வச்சிக்கினு பொழைக்கத் தெரியணும். நம்ம காலேஜுக்கு மார்க்கு போட கமிட்டி வர்றாங்கோ. ஊர்ப் பாரம்பரியத்த பாடத்துல சேத்தா அதுக்குத் தனி மார்க்கு கீதாம். பாடம் நடத்துறதுக்கு அம்மாம் மார்க்கு இல்லியாம், மோகன்குமார் சாரு பாத்துச் சொன்னாரு. எதுக்கு மார்க்கு கீதோ அத்த செஞ்சிட்டுப் போவோம். குவாரி நடத்தச் சொல்லோவும் நான் அப்டித்தான் செஞ்சேன்.”

சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார்கள். வழக்கமாக யாரும் கேட்பதில்லை. சோபியா எழுந்தாள்.

“சார், குடத்துல போடறது எங்க பேரா, பாடத்தோட பேரா?”

மோகன்குமார் தாளாளரைப் பார்த்தார். தாளாளர் குடிநீர் பாட்டிலைப் பார்த்தார். இந்தக் கேள்வி ஏற்பாட்டின் எந்தக் கட்டத்திலும் எழவில்லை. கல்லூரியிலேயே ஒரு குடவோலைக் கமிட்டி போட்டு முடிவு செய்வோம் என்று சொல்லி அவளை உட்கார வைத்தார்கள்.

கமிட்டியில் மோகன்குமார், தாளாளரின் மருமகன், கேன்டீன் நடத்துகிற தாளாளரின் மைத்துனர் ஆகியோர் இருந்தார்கள். பிரியாணி சாப்பிட்டபடி கூடி, இரண்டு குடம் வைப்பது என்று முடிவு செய்தார்கள். ஒன்றில் மாணவர் பெயர், ஒன்றில் பாடத்தின் பெயர். இதிலிருந்து ஒன்று, அதிலிருந்து ஒன்று எடுத்தால் ஜோடி சேர்ந்துவிடும். சோபியா வராந்தாவில் மோகன்குமாரை மறித்து மறுபடி கேட்டாள்.

“அப்ப எங்க விருப்பம் எங்க சார் கீது?”

“விருப்பத்தோட வந்து நிக்கிறீங்க இல்லம்மா, அதுதான் விருப்பம்” என்றார் அவர்.

அத்தோடு விட்டிருந்தால் இது வெறும் கோமாளித்தனம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் கல்லூரி அழைப்பிதழ் அச்சடித்தது. அழைப்பிதழின் பின்பக்கத்தில் கல்வெட்டில் உள்ள விதிகளைப் பெருமையாகப் போட்டது. போட்ட பிறகு மோகன்குமார் அவற்றைப் படித்தார். ஓலையில் பெயர் ஏறுவதற்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது முப்பத்தைந்துக்குக் குறையக் கூடாது என்று அதில் இருந்தது. அசலாகச் செய்தால் மார்க்கு போட வருகிற கமிட்டி அசந்துபோகும் என்று அவருக்குப் பட்டது. மறுநாளே சுற்றறிக்கை வந்தது. வயது விதி மட்டும் தளர்த்தப்பட்டது. தளர்த்தாவிட்டால் அரியர் வைத்திருக்கிற ஓரிரு பழைய மாணவர்கள்தான் தேறியிருப்பார்கள். நிலத்துக்கும் மனைக்கும் பட்டா நகல் கொண்டுவர வேண்டும். பட்டா இல்லாதவர் பெயர் குடத்தில் விழாது.

கால் வேலி என்றால் ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். வகுப்பில் பாதிப் பேர் பட்டா நகலை வாட்ஸப்பில் வரவழைத்து அரை மணியில் கொடுத்துவிட்டார்கள். மீதிப் பாதிப் பேர், அந்த முதல் பாதியின் அப்பாக்களுடைய நிலத்தில் நடவு நடுகிறவர்களின் பிள்ளைகள். அவர்கள் சுற்றறிக்கையை இரண்டாம் முறை படித்தார்கள். மூன்றாம் முறையும் அதில் அப்படியே இருந்தது.

சோபியாவின் வீடு ஏரிப் புறம்போக்கில் இருந்தது. சாயங்காலம் மார்த்தாள் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருக்கும்போது அவள் விஷயத்தைச் சொன்னாள்.

“ம்மா, நமக்குப் பட்டா கீதா?”

“எதுக்குக் கேக்கற?”

“காலேஜுல கேக்கறாங்கோ. நெலத்துக்கும் வூட்டுக்கும். இருந்தாத்தான் பாடமாம்.”

மார்த்தாள் கால் விரலிடுக்கில் இருந்த சேற்றைத் தேய்த்தாள்.

“நாத்து நடறதுக்கே எவனும் என்னாண்ட பட்டா கேட்டதில்ல” என்றாள். “பாடம் படிக்கறதுக்கு இன்னாத்துக்குடி கேக்கறானுங்கோ?”

“கல்வெட்டுல அப்டி எழுதிக்கீதாம்.”

“அத்த எழுதனவன் வூட்லயும் நம்மாளுதான் நட்டுருப்பான். நீ போயி நல்லபடியா கேளு. வாயி பேசாத, கேளு.”

சோபியா முதலில் திலகாவிடம் கேட்டாள். பி.பி.ஏ. துறையில் அப்போது மிச்சமிருந்த ஒரே ஆசிரியை அவள். கல்வி ஆலோசகர் என்று ஒரு பட்டமும் கொடுத்திருந்தார்கள். மாணவர் பாடம் தேர்ந்தெடுக்க ஆலோசனை சொல்ல வேண்டியவள்.

“எனக்கு இன்னா தெரியும்மா? நானே வாடக வூட்ல கீறேன். நல்ல காலம், டீச்சருக்குப் பட்டா கேக்கல” என்றாள் திலகா. “சார கேளு. ஆனா நான் சொன்னேன்னு சொல்லாத.”

சோபியா அழைப்பிதழை எடுத்துக்கொண்டு ஏசி அறைக்குப் போனாள். பின்பக்கத்தை முழுக்கப் படித்திருந்தாள். நிலத்துக்கு அடுத்த வரியை மோகன்குமாரிடம் காட்டினாள்.

“சார், கமிட்டியில இருந்துட்டு கணக்கு காட்டாதவங்களும், அவங்க சொந்தக்காரங்களும் குடவோலையில நிக்கக் கூடாதுன்னும் போட்டுக்கீது சார்.”

மோகன்குமாரின் வலப்பக்கம் தாளாளரின் மருமகன் உட்கார்ந்திருந்தார். இடப்பக்கம் மைத்துனர். மூவரும் அந்த வரியைப் படித்தார்கள்.

“அது பழைய காலம்மா” என்றார் மோகன்குமார். “அதையெல்லாம் இப்போ அப்படியே எடுத்துக்கக் கூடாது.”

“அப்ப நெலம் சார்?”

“நிலம் பாரம்பரியம். இதோ பாரும்மா, நீ தப்பா நினைச்சுக்கக் கூடாது. இங்கே நாங்க யாரும் சாதி பார்க்கிறதில்லை. கல்வெட்டைத்தான் பார்க்கிறோம். பட்டா இல்லாத பிள்ளைகளைக் கல்லூரி கைவிடாது. உங்களுக்காகவே ஆறாவதா ஒரு பாடம் புதுசா உருவாக்கியிருக்கோம். நிகழ்வு மேலாண்மை. முழுக்கச் செய்முறை. பரீட்சையே கிடையாது. நியாயமாப் பார்த்தா அவங்கதான் உங்களைப் பார்த்துப் பொறாமைப்படணும்.”

நிகழ்வு மேலாண்மை என்றால் என்ன என்று விழா நாளில் தெரிந்தது. நாற்காலி போடுவது, தண்ணீர் பாட்டில் வைப்பது, பந்தி பரிமாறுவது, இலை எடுப்பது, பாத்திரம் கழுவுவது. தாளாளரின் மைத்துனர் விழாச் சாப்பாட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அவருக்கு ஆள் கூலி மிச்சம். அவர்தான் அந்தப் பாடத்துக்குத் தேர்வாளர். யார் தட்டை ஒழுங்காகத் துடைக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார். முதல் பாதிப் பிள்ளைகள் வேட்டியும் பட்டுப் பாவாடையுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, இரண்டாம் பாதி அவர்களுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தது. காலையில் வயலில் பார்த்த காட்சியைக் கலையரங்கத்தில் ஏசி போட்டு மறுபடி காட்டினார்கள். அதற்கு மூன்று கிரெடிட். இதை எழுதும்போதே வாய் கசக்கிறது.

பனை ஓலை கிடைக்கவில்லை. பனை இல்லாமல் இல்லை, ஏறி வெட்டுவதற்கு யாரைக் கூப்பிடுவது என்று கமிட்டிக்குத் தெரியவில்லை. அதனால் ஓலை மாதிரிப் படம் அச்சடித்து லாமினேஷன் செய்துகொண்டார்கள். குடங்கள் வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து வந்தன. பாடங்கள் போட்ட பித்தளைக் குடத்தின் கழுத்தில் ‘முனியன் – சுதா திருமணத்துக்குத் தாய்மாமன் அன்பளிப்பு’ என்று வெட்டியிருந்தது. புகைப்படத்தில் அது தெரியாமலிருக்க மாலை போட்டார்கள். சிறப்பு விருந்தினர் அந்த மாலையைத் தொட்டுக் கும்பிட்டார்.

கல்வெட்டின்படி, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒன்றும் அறியாத ஒரு சின்னப் பையன்தான் ஓலையை எடுக்க வேண்டும். அன்று பள்ளிக்கூடம் உண்டு என்பதால் பையன் யாரும் அகப்படவில்லை. ஒன்றும் அறியாத ஒருவர் இருந்தால் போதும் என்று கமிட்டி விதியைத் தளர்த்தியது. மோகன்குமார் தாமாக முன்வந்தார். கல்லூரி வரலாற்றில் தகுதியான ஒருவர் தகுதியான வேலைக்கு வந்தது அன்றுதான்.

முதல் பத்துப் பதினைந்து ஜோடி நன்றாகப் போயிற்று. ஏழு ஏக்கர் கரும்பு வைத்திருந்தவர் மகனுக்கு அழகு நிலைய நிர்வாகம் விழுந்தது. கலையரங்கம் சிரித்தது. பிறகு மோகன்குமார் பாடக் குடத்தில் கையை விட்டுவிட்டு நெடுநேரம் அப்படியே நின்றார். ஏதோ உரையாற்றப் போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். கை சிக்கிக்கொண்டிருந்தது. உள்ளே கைநிறைய ஓலையை அள்ளிப் பிடித்திருந்தார். விட்டுவிட்டால் கை வெளியே வந்திருக்கும். பிடித்ததை விடுவது கல்வித் திட்டமிடல் துறையில் வழக்கமில்லை.

“யாராவது தேங்காயெண்ண எத்தினு வாங்கப்பா” என்றார் தாளாளர்.

சமையல்கட்டுப் பக்கம் இருந்தவள் சோபியா. அவள்தான் எண்ணெயைக் கொண்டுவந்து, அவர் மணிக்கட்டைப் பிடித்து, குடத்தின் வாய்க்குள் ஊற்றித் தடவினாள். அந்த நிலையிலும் மோகன்குமார் மைத்துனர் பக்கம் திரும்பி, “இதுவும் நிகழ்வு மேலாண்மைதான், குறிச்சுக்கோங்க” என்றார்.

கை வந்தபோது அதிலிருந்து முதலில் விழுந்த ஓலை சரக்குக் கிடங்கு மேலாண்மை. அடுத்த குடத்திலிருந்து எடுத்த பெயர் கலைச்செல்வன். எண்ணெய்க் கிண்ணத்தோடு சோபியா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

கலைச்செல்வனுக்குத் தென்னேரி. அப்பாவிடம் ஏரிப் பாசனத்தில் நிலமும் வாடகைக்கு விடுகிற அறுப்பு மெஷினும் இருந்தன. படிப்பு முடிந்ததும் மெஷினைப் பார்த்துக்கொள்ளப் போகிறவன். வேலைக்குப் போகிற எண்ணமே இல்லை. இயல்பில் நல்ல பையன். பந்தி முடிந்ததும் அவளைத் தேடிக்கொண்டு வந்தான்.

“சோபியா, எனக்கு இன்னாத்துக்கு இந்தக் கெடங்கு? எங்க வூட்லயே நெல்லு கொட்றதுக்குக் கெடங்கு கீது. நீ எடுத்துக்க. வா, சார்கிட்ட சொல்லி மாத்திக்கலாம்.”

இருவரும் போனார்கள். மோகன்குமார் கையில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தபடி பொறுமையாகக் கேட்டார்.

“சோழர் காலத்துல ஓலையை மாத்திக்கிட்டாங்களா? சரி, மாத்திக்கிட்டதாகவே வச்சுக்குவோம். மாத்திக்கணும்னா ரெண்டு பேர்கிட்டயும் ஓலை இருக்கணும். இந்தப் பொண்ணுகிட்டதான் ஓலையே இல்லையே? அப்போ இது மாற்றம் இல்லை தம்பி, தானம். தானத்துக்கெல்லாம் தனியா கல்வெட்டு இருக்கு. அது நம்ம துறையில வராது.”

கலைச்செல்வன் பேஜாராகி வெளியே வந்தான். “வுடு சோபியா, இவனுங்களாண்ட பேசவே முடியாது” என்றான். அவனால் விட முடிந்தது.

அடுத்த வாரம் வகுப்பு ஆரம்பித்தது. ஆறு பாடத்துக்கும் ஆசிரியர் திலகா ஒருத்திதான். எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, தன்னிடம் குறிப்பு இருந்த ஒரே பாடமான மேலாண்மைக் கோட்பாடுகளை நடத்தினாள். அது முதலாம் ஆண்டுப் பாடம், எல்லாரும் ஏற்கெனவே பாஸ் செய்தது. வருகைப் பதிவை மட்டும் ஆறாகப் பிரித்து எடுத்தாள். விமான நிலையமும் அழகு நிலையமும் கிடங்கும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே வரியை எழுதின. கல்லூரியில் விழாவோ கல்யாணமோ இருந்தால் நிகழ்வு மேலாண்மை மட்டும் எழுந்து பாத்திரம் கழுவப் போயிற்று. ஆமாம், தாளாளர் கலையரங்கத்தைக் கல்யாணத்துக்கும் வாடகைக்கு விட்டார். ஆக, குடம், ஓலை, பட்டா, மாலை, எண்ணெய் எல்லாம் சேர்ந்து செய்தது ஒன்றே ஒன்றுதான். யார் மதிப்பெண் பட்டியலில் எந்தப் பெயரை அச்சடிப்பது என்பது. கற்றுக்கொடுப்பதற்கு அங்கே முதலிலிருந்தே ஒன்றும் இல்லை.

மதிப்பீட்டுக் கமிட்டி வருவதற்கு முன்னால் எல்லா மாணவரிடமும் ஒரு தாள் கொடுத்தார்கள். ‘நான் விரும்பித் தேர்ந்தெடுத்த பாடம்’ என்று அச்சடித்து, அதற்கு எதிரே ஒரு கோடு. சொந்தக் கையெழுத்தில் நிரப்ப வேண்டும். அதை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்றும், வாக்காளர் எழுதியதில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் குடவோலைக் குற்றம் என்றும் அலுவலகத்துக்கு மோகன்குமார் உத்தரவு போட்டிருந்தார்.

எல்லாரும் எழுதிக் கொடுத்தார்கள். சோபியா பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திலகா வந்து குனிந்தாள்.

“நிகழ்வு மேலாண்மைன்னு எழுதிட்டுப் போயேம்மா. எல்லாரும் எழுதிட்டாங்கோ. எழுதலன்னா மூணு கிரெடிட்டு போயிடும், டிகிரி நின்னுபூடும்.”

“எழுதுனா நானே ஆசப்பட்டுக் கேட்டுக்கினு பாத்திரம் கழுவுனேன்னு ஆயிடும் மிஸ்.”

“கழுவுனது கழுவுனதுதானே?”

“கழுவுனேன். அதுக்கு எங்க வூட்ல ஒண்ணியும் கூச்சம் இல்ல. விரும்பிக் கழுவுனேன்னு எழுத மாட்டேன்.”

சோபியா கோட்டின் மேல் ‘எனக்கு விருப்பமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அலுவலக ஊழியர் அதைப் படித்தார், உத்தரவையும் படித்தார். ஓர் எழுத்தும் திருத்தாமல் ஏற்றினார்.

கமிட்டி வந்தது. மூன்று பேர். தாளாளர் வரிசையாகப் பொன்னாடை போர்த்தினார். அவர்களில் ஒருவர் கம்ப்யூட்டரில் விருப்பப் பாடங்களின் பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்து ஏழாவது பாடத்தில் நின்றார்.

“எனக்கு விருப்பமில்லை. இது என்ன பேப்பர்?”

மோகன்குமார் அந்தப் பெயரை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார். ஆனால் டாக்டர் பட்டம் சும்மா வரவில்லை.

“அது எங்க கல்லூரியின் புதுமை, சார். தொழில் உலகத்தில் மறுப்புச் சொல்லத் தெரிந்த ஊழியர்கள் குறைந்துவிட்டார்கள். மாணவர் தன் மறுப்பை முறையாக, நாகரிகமாக, மேலிடத்துக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமல் வெளியிடக் கற்றுக்கொடுக்கிறோம். மறுப்பை நாங்கள் மதிக்கிறோம். அதற்கு மூன்று கிரெடிட்.”

“அருமை” என்றார் கமிட்டிக்காரர். “எத்தனை பேர் படிக்கிறாங்க?”

“இப்போதைக்கு ஒருத்தர். நல்ல திறமைசாலிகளுக்கு மட்டும் கொடுக்கிறோம்.”

கல்லூரிக்கு உயர்ந்த தரம் கிடைத்தது. பாரம்பரியத்துக்கு முழு மதிப்பெண், புதுமைக்கு முழு மதிப்பெண். வாசலில் தாளாளர், மோகன்குமார், குடம் மூவரும் இருக்கிற பேனர் வைத்தார்கள். கமிட்டியிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்ட பாடத்தை இல்லாமல் ஆக்க முடியாது. சோபியாவின் மதிப்பெண் பட்டியலில் சோழர் பெருமைக்காகப் பாடப் பெயர்களைத் தமிழில் அச்சடித்திருந்த பத்தியில், மேலாண்மைக் கணக்கியலுக்கும் வணிகச் சட்டத்துக்கும் கீழே அது அச்சாகி வந்தது. விருப்பப் பாடம்: எனக்கு விருப்பமில்லை. எழுபத்தெட்டு. தேர்ச்சி.

மார்த்தாளுக்குப் படிக்கத் தெரியாது. மகள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

“கடைசில இது இன்னாடி?”

“விருப்பமில்லைன்னு எழுதிக் குடுத்தேன்மா. அத்தயே பாடமா போட்டு மார்க்கு குடுத்துட்டாங்கோ.”

மார்த்தாள் அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். “நான் இந்த வார்த்தைய ஒரு நாளும் எவங்கிட்டயும் வாய வுட்டு சொன்னதில்ல” என்றாள். “சொன்னா மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டானுங்கோ.”

சோபியா ஒரகடத்துக்குப் போனாள். கலைச்செல்வன் வரவில்லை, அறுப்பு சீசன். இஸ்திரி போட்ட சட்டை அணிந்த அதிகாரி ஒருவர் மதிப்பெண் பட்டியலை வாங்கி, மேலிருந்து கீழாக விரலை ஓட்டினார். விரல் கடைசியில் நின்றது. சரக்குக் கிடங்கு மேலாண்மை எங்கே என்று தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

“எனக்கு விருப்பமில்லை... இது இன்னா பேப்பரும்மா? இத்தக் கூடவா எடுத்துப் படிப்பாங்க?”

“மூணு வருசத்துல நானா எடுத்தது அது ஒண்ணுதான் சார்” என்றாள் சோபியா.

அவர் அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு தாளை மடித்துக் கையில் கொடுத்து, திங்கட்கிழமை காலை ஷிப்டுக்குப் பேக்கிங் பிரிவுக்கு வரச் சொன்னார்.